கங்கா கதை பழசாயிடுச்சாம்

"ஜெயகாந்தனோட கங்கா கதையெல்லாம் இன்னைக்குச் செல்லாது. மழை, பெரிய கார், அழற அம்மா எல்லாம் அறுபதுகளோட முடிஞ்சுபோச்சு. இப்ப எந்த வீட்டுல அப்படி நடக்குது?" இப்படி ஒரு பதிவு ரெண்டு நாளா சுத்திட்டிருக்கு. படிச்சவங்க, நல்ல வாசகர்கள், நிறைய பேர் அதுக்குக் கீழ ஆமாம் போட்டிருக்காங்க.

நான் மரக்காணம் பக்கம் பெண்கள் ஓபி பாக்குற டாக்டர். என்னால ஆமாம் போட முடியல. இந்த இழை கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

கதை தெரியாதவங்களுக்கு முதல்ல அதைச் சொல்லிடறேன். 1966-ல் ஆனந்த விகடனில் வந்த சிறுகதை 'அக்னிப் பிரவேசம்'. மழை கொட்டுகிற சாயங்காலம், காலேஜ் வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிற ஏழை வீட்டுப் பெண். கார்க்காரன் ஒருவன் ஏற்றிக்கொண்டு போகிறான். நடக்கக் கூடாதது நடக்கிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுகிறாள். அம்மா விதவை. முதலில் கதறுகிறாள், அடிக்கிறாள். அப்புறம் மகளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றி, உன்மேல் இருந்த அழுக்கு போய்விட்டது, உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறாள். அவ்வளவுதான் கதை.

ஊர் கொதிச்சது. கார்க்காரன் மேல இல்லீங்க, அந்த அம்மா மேல! அது எப்படி ஒரு தாய் தண்ணி ஊத்தி முடிச்சுவைக்கலாம்னு ஆளாளுக்குக் கேட்டாங்க.

ஜெயகாந்தன் அதுக்குப் பதிலா ஒரு நாவலே எழுதினார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-க்கான சாகித்ய அகாதெமி விருது வாங்கினது. பீம்சிங் படமாவும் எடுத்தார், கங்காவா நடிச்ச லட்சுமிக்குத் தேசிய விருது கிடைச்சது. அந்த நாவல்ல மழை அதேதான், பஸ் ஸ்டாப் அதேதான், காரும் அதேதான். மாறினது வீட்டுக்குள்ள நடந்தது மட்டும். இந்த அம்மா தண்ணி ஊத்தலை, ஊருக்கே கேக்குற மாதிரி கத்திட்டா. அண்ணன் அடிச்சு வெளிய தள்ளினான். மாமா ஒருத்தர் 'பெரிய மனசு பண்ணி' கூட்டிட்டுப் போய்ப் படிக்கவைக்கிறார்.

டாக்டரா எனக்கு இந்த இடம்தான் முக்கியம். ஒரே காயம், ரெண்டு விதமான கவனிப்பு. சிறுகதையில் அந்தப் பெண் மறுநாள் காலேஜுக்குப் போகக்கூடியவளா எழுந்திருக்கிறாள். நாவலில் கங்கா பெரிய உத்தியோகத்துக்கு வந்த பிறகும், கை நிறையச் சம்பாதித்த பிறகும், அந்த ஒரு சாயங்காலத்தை விட்டு நகரவே முடியல. காரில் நடந்தது கொஞ்ச நேரம். வீட்டில் நடந்தது பன்னிரண்டு வருஷத்துக்கும் மேல. எது அவளை அழிச்சதுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

வெங்கு மாமாவை மறந்துடாதீங்க. கங்காவை 'கெட்டுப்போனவள்'னு சொல்லிச் சொல்லிக் காட்டுறது அவர்தான், அவள்மேல கை வைக்கப் பாக்குறதும் அவரேதான். சந்தேகப்படுற ஆளும் வேட்டையாடுற ஆளும் ஒரே நாற்காலியில உக்காந்திருப்பார், கையில ஒரு சாஸ்திரப் புத்தகமும் இருக்கும். போக்சோ கேஸ்ல பிள்ளையோட வர்ற குடும்பங்களைப் பார்த்த எந்த டாக்டருக்கும் இது புதுசு இல்ல. ஜெயகாந்தன் அதை அம்பது வருஷம் முன்னாடியே எழுதி வச்சுட்டார். இதைத்தான் பழசுன்னு சொல்றீங்க.

இன்னும் பின்னாடி போகலாம். 1943-ல் புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' எழுதினார். ராமன் கால் பட்டு அகலிகை கல்லிலிருந்து எழுந்த பிறகு என்ன நடந்தது என்கிற கதை. சாபம் போயாச்சு, புருஷன் மன்னிச்சாச்சு, எல்லாம் சரியாப் போகணும்ல? போகலை. ரிஷிபத்தினிகள் அவளைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிறார்கள். யார் எது பேசினாலும் அதுக்குள்ள ரெண்டாவது அர்த்தம் இருக்குமோன்னு அகலிகை தேடித் தேடிப் பயப்படுகிறாள். சாதாரணமா விசாரிச்சாலும் குத்திக் காட்டுறாங்களோன்னு உடம்பு சுருங்குது. இதை மனநல மருத்துவத்தில் தனியாக ஒரு அறிகுறியாகவே படிக்கிறோம். ஆபத்து போன பிறகும் உடம்பு காவல் நின்னுட்டே இருக்கும், தூக்கம் வராது, நல்ல வார்த்தையும் அடியாக விழும். பித்தன் எந்த மருத்துவப் புத்தகத்தைப் படிச்சு அதை எழுதினார்?

அந்தக் கதையின் முடிவில் சீதை வருகிறாள். தீக்குளிக்கச் சொன்ன விஷயத்தை அகலிகையிடம் சொல்கிறாள். உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்று சீதை சிரிக்கிற அந்தச் சிரிப்புக்குப் பிறகு அகலிகை மறுபடி கல்லாகிறாள். தனக்கு விமோசனம் கொடுத்தவனே இன்னொருத்தியிடம் நிரூபிக்கச் சொன்னான் என்று தெரிந்ததும் அவளுக்கு மனிதர்களோட இருக்கவே வேண்டாம்னு ஆயிடுது.

உலகத்துக்கு நிரூபிக்கணும். இந்த மூணு எழுத்து 'நிரூபி' இருக்கே, அதுதான் என் மேஜைக்கு வருது.

இனி எங்க ஊர். ஈசிஆர்ல பாண்டிச்சேரி போறவங்க மரக்காணம் உப்பளத்தைப் பார்த்திருப்பீங்க. ரோட்டோரம் வெள்ளை வெள்ளையா அம்பாரம், நிறுத்தி செல்ஃபி எடுப்பீங்க. தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்து உப்புக்குப் பேர் சொல்ற இடம். பாத்தியில வாரின உப்பைச் சுமந்து கரையில கொட்டுறதுல பெண்கள் நிறைய பேர். வெயில் ஏறினா நிக்க முடியாதுங்கறதால இருட்டோட கிளம்பிடுவாங்க. கால்ல உப்பு அரிச்ச புண், கண்ணுல எரிச்சல், இடுப்பு வலி. இதுக்குத்தான் என்கிட்ட வருவாங்க.

விடியக்காலை மூணு மணிக்கு இருட்டுல வேலைக்குப் போற பொம்பளையை அந்தத் தெருவுல யாரும் 'எங்க போயிட்டு வர்ற'ன்னு கேக்கமாட்டாங்க. கேட்டா சோறு இல்ல. (அளத்துல அவளுக்கு ஆபத்தே இல்லைன்னு நான் சொல்லலை. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் போய்ப் பார்த்து எழுதிய 'கரிப்பு மணிகள்' 1979-ல் வந்தது. கங்காணி பார்வையும் கையும் அதுல இருக்கு.) ஆனா அதே பொம்பளை வயித்தைக் கட்டி வாயைக் கட்டி மகளைத் திண்டிவனத்துக்கோ பாண்டிச்சேரிக்கோ காலேஜுக்கு அனுப்புறா. தளம் போட்ட வீடு வருது. மகள் கையில போன் வருது. பஸ் அரை மணி லேட்டானா அன்னைக்கு வீட்டுல விசாரணைக் கமிஷன். படிப்பு வந்தா சந்தேகம் போயிடும்னு நாம நினைச்சோம். என் அனுபவத்துல அது வீட்டுக்குத் தளம் போடும்போதே கூட வந்து குடியேறுது. மரியாதைன்னு ஒண்ணு சேர்ந்த பிறகுதானே அது போயிடுமோன்னு பயம் வரும்.

சரி, என்னதான் கேக்குறாங்க? யாரையும் அடையாளம் காட்டாம, பலரைக் கலந்து சொல்றேன். அம்மா வருவாங்க, பின்னாடி தலையைக் குனிஞ்சுட்டு ஒரு பொண்ணு. பதினேழு, பத்தொம்பது, இருவத்தி ஒண்ணு. கூட ஒரு சித்தி, இல்ல அத்தை. "வயித்து வலி டாக்டரம்மா"ன்னு ஆரம்பிப்பாங்க. பொண்ணை ஸ்கேனுக்கு அனுப்பிட்டு அம்மா கிட்ட வந்து குரலைத் தணிப்பாங்க: "ஒரு தடவை பாத்துச் சொல்லிடுங்கம்மா. பொண்ணு நல்லா இருக்காளான்னு." அந்த 'நல்லா'வுக்கு என்ன அர்த்தம்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஸ்கேனுக்குப் போற பொண்ணுக்கு எங்க ரெண்டு பேரையும் விட நல்லாத் தெரியும். ஏற்கெனவே பொண்ணு பாத்துட்டுப் போன இடத்துல இருந்து யாரோ ஏதோ கேட்டிருப்பாங்க. இல்லைன்னா ஒரு போட்டோ. இல்லைன்னா வெறும் வாய்ப்பேச்சு.

மருத்துவமா இதுக்குப் பதில் என்னன்னா, பாத்துச் சொல்ல அங்க ஒண்ணுமே இல்லை. நம்ம பாடப்புத்தகத் தமிழ் அதுக்குக் 'கன்னித்திரை'ன்னு பேர் வச்சிருக்கு. பேர்லயே தீர்ப்பு எழுதியாச்சு. அது திரை கிடையாது. நடுவுல இயல்பாவே திறப்பு உள்ள ஒரு மெல்லிய சவ்வு விளிம்பு. ஆளுக்கு ஆள் வடிவம் வேற, வயசுக்கு வயசு மாறும். ஒரு பொண்ணு யாரோட இருந்தா, இருக்கலைன்னு அதைப் பாத்து உலகத்துல எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. உண்மையிலேயே வன்கொடுமைக்கு ஆளான பல பேருக்கும் பரிசோதனையில எந்தக் காயமும் தெரியாது. முதலிரவு ரத்தம்? நிறைய பேருக்கு வராது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018 அக்டோபர்ல இந்தச் சோதனையை எல்லா நாடும் நிறுத்தணும்னு சேர்ந்தே அறிக்கை விட்டாங்க.

'அதான் கோர்ட்டு தடை பண்ணிடுச்சே'ம்பீங்க. பண்ணிச்சு, எத்தனை தடவைன்னு பாருங்க. 2013-ல் உச்ச நீதிமன்றம் இருவிரல் சோதனை பெண்ணின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுவதுன்னு சொன்னது. 2014-ல் மத்திய சுகாதாரத் துறை வழிகாட்டுதல் கூடாதுன்னது. 2022 ஏப்ரல்ல சென்னை உயர் நீதிமன்றம் மதுரைக் கிளை தமிழ்நாடு அரசுக்குத் தடை செய்யச் சொன்னது. அதே வருஷம் அக்டோபர் 31, மறுபடி உச்ச நீதிமன்றம்: இனி செய்தால் அது ஒழுங்கீனம். ஒரு வழக்கம் நிஜமாவே செத்துப்போயிருந்தா அதை இத்தனை தடவை கொல்ல வேண்டியிருக்குமா?

எங்க தொழிலை நான் விட்டுக்கொடுத்துப் பேசப் போறதில்லை. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் கன்னித்தன்மை அடையாளங்கள் பற்றின பாடத்தை அறிவியல் இல்லாததுன்னு மாத்துச்சு. 2024 ஆகஸ்ட் கடைசியில வந்த புதுப் பாடத்திட்டத்துல அதே சமாச்சாரம் தடயவியல் பாடத்துல சத்தமில்லாம திரும்ப வந்துச்சு. எதிர்ப்பு கிளம்பினதும் ஒரு வாரத்துக்குள்ள வாபஸ் வாங்கினாங்க. 1966 இல்லீங்க, 2024. கங்கா கதை பழசாம்!

இப்ப என் சக டாக்டர்கள், நல்லவங்க, சொல்ற ஒரு வாதம் இருக்கு. "எதுக்குப் பிரச்சினை? பாத்த மாதிரி பாவலா பண்ணி, 'பொண்ணு தங்கம்மா, ஒண்ணும் இல்லை'ன்னு சொல்லி அனுப்பிடு. அம்மாவுக்கு நிம்மதி, பொண்ணுக்கு அடி விழாது." கேக்க இரக்கமா இருக்கு. அன்னைக்கு அந்த ஒரு பொண்ணு தப்பிக்கவும் செய்வா. இதுல ஒளிஞ்சிருக்கற விஷத்தைக் கவனிங்க. நான் ஒரு அம்மாவுக்கு 'பாத்தேன், நல்லா இருக்கா'ன்னு சொன்ன நிமிஷமே, பாத்தா தெரியும்னு ஒத்துக்கிட்டேன். அந்த அம்மா தெருவுல போய் அந்த டாக்டரம்மா பாத்துச் சொல்லுவாங்கன்னு சொல்லும். அடுத்து வர்ற பொண்ணுக்கு நான் 'இதெல்லாம் பாக்கமாட்டேன்'னு மறுத்தா, அந்த மறுப்பே அவளுக்குத் தீர்ப்பு. 'முந்தாநேத்து அவளுக்குச் சொன்னவங்க இவளுக்கு ஏன் சொல்லலை?' ஒருத்திக்கு நல்ல சர்ட்டிஃபிகேட் கொடுத்தா மத்த எல்லாருக்கும் கெட்ட சர்ட்டிஃபிகேட் கொடுத்ததா ஆகும். அதனால யார் கேட்டாலும், அழுதாலும், கால்ல விழுந்தாலும், என் பதில் ஒண்ணே ஒண்ணு: இந்தக் கேள்விக்கு மருத்துவத்துல பதில் இல்லை. பாக்கமாட்டேன்.

தீக்குளிச்சு வந்தாலும் சீதையை ஊர் விட்டுச்சா? ராமாயணம் தெரிஞ்சவங்களுக்கு அடுத்த காண்டம் என்னன்னு தெரியும். பரிசோதனையில தேறினவளுக்கும் அடுத்த பரிசோதனை காத்திருக்கும்.

இன்னொரு கட்சியும் இருக்கு. அவங்க ஜெயகாந்தன் பக்தர்கள். அவங்களுக்கு அந்த ஒரு குடம் தண்ணி புண்ணிய தீர்த்தம். எனக்கும் அந்த அம்மாவைப் பிடிக்கும். ஆனா ரெண்டு இடத்துல இடிக்குது. ஒண்ணு, அவளும் 'அழுக்கு'ன்னு ஒண்ணு இருந்ததா ஒத்துக்கிட்டுத்தான் கழுவறா. கார்ல இருந்தவன் பண்ணினது குற்றம். குற்றம் எப்படிங்க பாதிக்கப்பட்டவ தலையில அழுக்கா ஒட்டும்? திருட்டுப் போன வீட்டுக்காரன் தீட்டுக் கழிக்கிறானா? ரெண்டாவது, வெளிய தெரியாம மூடிடறா. 1966-ல் அவளுக்கு வேற வழி இருந்திருக்காது, புரியுது. இன்னைக்கு அந்தத் தண்ணி சாட்சியத்தைக் கழுவிக்கிட்டு ஓடுற தண்ணி. கார்க்காரனுக்குத்தான் அது விமோசனம். நாவல்ல அவன் பாட்டுக்குக் கல்யாணம் பண்ணி, பிள்ளை பெத்து, காரை மாத்திட்டுச் சுத்திட்டிருக்கான். அவன் பேர்ல ஒரு சந்தேகம்? யாரும் அவனை எந்த டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போகலை.

முதல் நாவலோட முடிவுல கங்கா குடியும் சிகரெட்டுமா நிக்குறா. தொடர்ச்சியா எழுதின 'கங்கை எங்கே போகிறாள்' நாவல்ல கங்கையிலயே போயிடறா. இதுதான் எனக்கு ஜெயகாந்தன்கிட்ட தீராத சண்டை. அகலிகை கல்லாகணும், கங்கா மூழ்கணும். படிக்கிற நமக்கு அழ வசதியா இருக்கு. அழுது முடிச்சுட்டு மகளோட போனை எடுத்து மெசேஜ் பாப்போம். இவங்க ஒருத்தி உயிரோட, எரிச்சலோட, சாயங்காலம் ஏழு மணி பஸ்ல வேலையிலிருந்து திரும்பி வந்து, சந்தேகப்பட்ட அண்ணனுக்குப் பதில் சொல்லாம சோறு போட்டுச் சாப்பிடுற கதையை எழுதுங்களேன். எழுதினா நான் ஓபியில வாங்கி வைக்கிறேன்.

'அம்மாக்களை மட்டும் ஏன் சொல்றீங்க'ன்னு ஒருத்தர் இப்பவே இன்பாக்ஸ்ல கேட்டாச்சு. நியாயம். அந்த அம்மா என்கிட்ட வந்து குரலைத் தணிக்கிறதுக்குக் காரணம் வெளிய பைக்ல உக்காந்திருக்கற ஆள். சில வீட்டுல அண்ணன், சில வீட்டுல தாய்மாமன். அவங்க கேள்வி உடம்போட நிக்காது, 'பையன் எந்தத் தெரு'ன்னு போகும். ஒரு பொண்ணோட காதலைச் சாக்கா வச்சு ஊரையே எரிக்கலாம்னு 2012 நவம்பர்ல தர்மபுரி நத்தம் காலனியில பாத்தோம். அடுத்த ஏப்ரல்ல மரக்காணத்துலயே தலித் வீடுகள் எரிஞ்சுது. அந்தப் பயத்தோடதான் இங்க ஒவ்வொரு அம்மாவும் மகளோட போனைப் பாக்குறா. கங்காவோட அம்மா கத்தினதும் பயத்துலதான். நாவல்ல, அந்தச் சிறுகதையைப் பின்னாடி பத்திரிகையில படிச்சு, நாமும் இப்படி இருந்திருக்கலாமேன்னு அழறா இல்லையா? அழறதுக்குள்ள மகளோட பாதி வாழ்க்கை போயிடுச்சு.

உங்க வீட்டுப் பொண்ணு அழுதுக்கிட்டு வந்து நின்னா என்ன செய்யணும்னு சொல்லிட்டு முடிக்கிறேன். இதைச் சேமிச்சு வச்சுக்கோங்க.

நம்புங்க. 'அங்க ஏன் போன'ன்னு கேக்காதீங்க. குளிக்கவைக்காதீங்க, போட்டிருந்த துணியைத் துவைக்காதீங்க, பேப்பர் கவர்ல போட்டு எடுத்துட்டு வாங்க. குளிச்சிட்டாளா? பரவாயில்லை, அப்பவும் வாங்க. நாலு நாள் வரைக்கும் தடயம் எடுக்க முயற்சி பண்ணலாம், சிகிச்சைக்கு அந்தக் கெடுவும் கிடையாது. கர்ப்பம் தடுக்கற மாத்திரை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, அஞ்சு நாள் வரைக்கும் கொடுக்கலாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், 28 நாள் சாப்பிடணும். அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, இலவசமா முதல் சிகிச்சை கொடுத்தே ஆகணும், அது சட்டம் (இப்ப பிஎன்எஸ்எஸ் 397). எஃப்ஐஆர் கொண்டு வான்னு யார் சொன்னாலும் தப்பு. 18 வயசுக்குக் கீழன்னா போலீசுக்குத் தகவல் சொல்றது எங்க கடமை, போக்சோ 19. பரிசோதனை வேண்டாம்னு மறுக்க அவளுக்கு உரிமை இருக்கு, மறுத்தாலும் மருந்து உண்டு. பேரை வெளிய சொல்றது குற்றம், சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்பும் 'வெளிய'தான்.

பெண்கள் உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098. ராத்திரியிலயும் எடுப்பாங்க.

கல்யாணத்துக்கு முன்னாடி 'பாத்துச் சொல்ல' கூட்டிட்டு வர நினைக்கிறவங்களுக்கு: ஓபி சீட்டு போடாதீங்க. வயித்து வலின்னா மட்டும் வாங்க, வயித்தைப் பாக்குறேன்.